இசக்கிமுத்து கொத்தனாரின் பயம்

எங்கள் கடற்கரைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போலச் சுவர்களைப் படிக்க ஆரம்பித்தேன். எழுத்து எனக்கு இந்த வயதில்தான் கிடைத்தது. கிடைத்த நாள் முதல் கடைப் பலகை, பஸ் பலகை, தீப்பெட்டி, உப்புப் பாக்கெட் என்று எதையும் நான் விடுவதில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசியில் அது ஒரு சொல்லாகத் திரளும்போது வருகிற சந்தோஷம், சின்ன வயதிலேயே படித்தவர்களுக்குத் தெரியாது. அன்று டீக்கடைப் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற இரண்டு சொற்களையும் கூட்டாமலே படித்தேன். எந்த ஊர்ச் சுவரிலும் அடிக்கடி வருகிற சொற்கள் அவை. படத்தின் மேல் ஒரு பையன் முதுகைச் சாய்த்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. பெயரைக் கூட்டினேன். இ, ச, க், கி.

இசக்கி என்று தொடங்கும் பெயர் அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மு, த், து. முத்துவும் பலருக்கு உண்டு. அடுத்த சொல்லைப் படிக்காமல் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. கண் கேட்கவில்லை. கொ, த், த, னா, ர்.

“தம்பி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க” என்றேன். அவன் நகர்ந்தான். போட்டோ எடுத்தவரைப் பார்த்தே பயந்தது போன்ற முகத்தோடு இசக்கிமுத்து கொத்தனார் என்னைப் பார்த்தார்.

“சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரா?” என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

“இல்ல தாத்தா. வேலைக்குப் போவும்போது பஸ்லயே நெஞ்சு வலி. எறங்க வேண்டிய எடம் வந்தும் எறங்கல. தூங்குதாருன்னு நெனச்சிருக்காங்க.”

நான் அவரைக் கையோடு கூட்டிப் போகத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். என் பக்கத்து வீட்டு சலேத்மேரியின் சன்னலுக்கு மேலே பூச்சு வெடித்திருந்தது. போன் அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. துஷ்டி வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, எனக்குள் துக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் சுவர்களுக்காகப் பயப்பட இனி யார் இருக்கிறார்கள்?

இசக்கிமுத்துவை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். “நீங்களே எழுதுங்க தாத்தா, நான் பிழை மட்டும் பாக்குதேன்” என்று எழுத்து வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தான் எழுத வருகிறது. நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

என் வீடு கடற்கரையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. உள்ளறையில் கடலைப் பார்த்து ஒரு சன்னல். என் மனைவி பிரகாசிக்கு மூட்டு வலி. பகல் முழுக்க அந்தச் சன்னலடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஜெபமாலை உருட்டுவாள். வெளியே போகிறவர்களை நிறுத்தி, என்ன மீன் பட்டது, யார் வீட்டில் யாருக்குச் சண்டை என்று கேட்பாள். அவளுக்கு ஊர் என்பது அந்தச் சன்னல்தான். ஒரு மழைக்காலம் முடிந்தபோது அவள் தலைக்கு நேர் மேலே பூச்சில் ஒரு வெடிப்பு கண்டது. முதலில் தலைமுடி போல இருந்தது. பிறகு நகம் நுழைந்தது. பிறகு விரல் நுனி நுழைந்தது.

நான் தோணியில் கலப்பத்து வேலை பார்த்தவன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசுவது அந்த வேலை. கடலையே உள்ளே விடாத கை இது, மழை என்ன பெரிய மழை என்று நினைத்தேன். சுவருக்கும் கலப்பத்து போட்டேன். தெருவே வந்து பார்த்தது. “மிக்கேல் அண்ணன் வீடு இனி கொழும்புக்கே மெதந்து போவும்” என்றாள் சலேத்மேரி. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த மழையில் என் பஞ்சுத் திரியை ஒட்டியே இன்னொரு வெடிப்பு ஓடியது. அதிலிருந்து துருத் தண்ணீர் பழுப்பாக வடிந்தது.

இசக்கிமுத்து அப்போது மீன் மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். வந்தவர் அறைக்குள் நுழையவில்லை. வாசல்படியில் நின்று சன்னலுக்கு மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உள்ள வாங்க கொத்தனாரே.”

“இருங்க அண்ணாச்சி. மதினிய மொதல்ல அங்கனருந்து எழுப்புங்க.”

பிரகாசி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து குசினிக்குப் போனாள். அதன் பிறகுதான் அவர் உள்ளே வந்தார். மின்விசிறிக் கொக்கியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். சன்னலுக்கு வெளியே கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“கொத்தனாரே, நாக்காலி மேல ஏறுததுக்குமா கயிறு?” என்று சலேத்மேரி கேட்டாள்.

“நாக்காலிலேர்ந்து விழுந்து செத்தா எம் பொண்டாட்டிக்கு வெக்கக்கேடுல்லா, எக்கா” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வெடிப்பிலிருந்து என் பஞ்சுத் திரியை உருவி மோந்து பார்த்தார். காரையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“எந்த மண்ணு அண்ணாச்சி?”

“இந்தா, வாசல்ல கெடக்குத மண்ணுதான். கடக்கரைல இருந்துக்கிட்டு மண்ணுக்கு அலையணுமா?”

“இது சுவர் இல்ல அண்ணாச்சி, ஊறுகா. உப்பு உள்ள கம்பியத் தின்னுட்டு இருக்கு. போதாக்கொறைக்கு நீங்க பஞ்ச வச்சு அடச்சிட்டீங்க. தோணிக்குத் தண்ணி வெளிய நிக்கும், அடச்சா சரி. இதுக்கு மாடிலேர்ந்து தண்ணி உள்ள எறங்கியாச்சு. அது எங்கன போவும்?”

“பலக வீங்கினா திரி இறுகிக்கிடும்” என்றேன் விடாமல்.

“பலக வீங்கினா இறுகும். கம்பி வீங்கினா பொளக்கும்.”

கொத்துக் கரண்டியின் காம்பால் தட்டினார். ஓரத்தில் கெட்டியாகக் கேட்டது. நடுவில் காலிப் பானையைத் தட்டியது போலக் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் வந்து பூச்சை எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன நிலைமை என்று தெரியும், அதுவரை இந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. இப்படிப் பயப்படுகிற ஆளுக்கு எப்படி இத்தனை காலம் வேலை கிடைத்தது என்று நான் பிரகாசியிடம் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் பிரகாசியை மூட்டு வலிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வீட்டைத் திறந்து வைத்து, அவரை வேலை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனோம். அதன் பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். பூச்சைத் தட்டியதும் அது ஒரே பலகையாகப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. உள்ளே சன்னலுக்கு மேல் சுவரைத் தாங்குகிற கான்கிரீட் கட்டை, அவர்கள் லிண்டல் என்பது, நடுவில் வாய் பிளந்து கிடந்திருக்கிறது. கம்பிகள் கையோடு பொடியாக வந்திருக்கின்றன. கையில் இருந்த ஒரே கம்பை நட்டு, அடியில் ஆப்பு அடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார். அது போதாது, இன்னும் கம்புகள் வேண்டும். எனக்குப் போன் அடித்திருக்கிறார். போன் பிரகாசியின் பைக்குள், ஆஸ்பத்திரி இரைச்சலில், யாருக்கும் கேட்காமல் அடித்து ஓய்ந்தது. தெருவில் ஆண்கள் கடலில், பெண்கள் மார்க்கெட்டில். சொல்லிவிட்டுப் போக ஆள் இல்லை. உடைந்த செங்கல் துண்டை எடுத்து, அறைக் கதவைச் சாத்தி, அதில் பெரிய எழுத்தாக எழுதிவிட்டுக் கம்பு வாங்க ஓடினார்.

நாங்கள் திரும்பியபோது சலேத்மேரியும் மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தாள். பிரகாசி சலேத்மேரியின் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். “எனக்கு எஞ் சன்னல்ல உக்காரணும், போய்த் தூசியத் தட்டி வைங்க” என்று என்னை அனுப்பினாள். அறைக் கதவில் சிவப்பாக எழுத்து இருந்தது. கொத்தனார் ஏதோ அளவு குறித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்ல பெரிய எழுத்து, வடிவாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பூச்சு இல்லாமல் சுவர் அம்மணமாக நின்றது. பிரகாசியின் நாற்காலி போடுகிற இடத்தில் ஒரு கம்பு நின்றது. கரையில் ஏற்றிய தோணிக்கும் இப்படித்தான் முட்டுக் கொடுப்போம். வேலை முடிந்ததும் ஆப்பைத் தட்டி எடுத்துவிடுவோம். கொத்தனார் வேலையை முடித்துவிட்டுக் கம்பை மறந்து போய்விட்டார் என்று தீர்மானித்தேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். கொட்டாப்புளியை எடுத்து வந்து ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டாவது தட்டில் ஆப்பு தெறித்தது.

தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. சுறா பல்லைக் கடிப்பது போன்ற சத்தம். கண்ணில் மண் விழுந்தது. கம்பு என் பக்கமாகச் சரிந்தது. கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தேன். நடுக்கடலில் காற்று மாறியபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. பிடித்தால் கை வழுக்குகிறது, விட்டால் தலைமேல் சுவர்.

சன்னலுக்கு வெளியே கம்புகள் மணலில் விழுகிற சத்தம் கேட்டது. இசக்கிமுத்து திரும்பி வந்திருந்தார். சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நாற்காலி மேல் ஏறவே கயிறு கட்டுகிற மனிதர் அவர். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தார், வீட்டைச் சுற்றி உள்ளே. அந்த லிண்டலுக்கு நேர் கீழே வந்து கம்புக்குத் தோளைக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, கம்ப விட்டுராதீங்க.”

“விட மாட்டேன்.”

“எனக்குக் கால் ஆடுது அண்ணாச்சி.”

“எனக்கும்தான்.”

“எம்மா இசக்கியம்மா” என்றார் அவர். “மாதாவே” என்றேன் நான். நாங்கள் கூப்பிட்ட இரண்டு பேரும் அன்று வந்திருக்க வேண்டும். அவர் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. தோள் மட்டும் நடுங்கவில்லை.

“எக்கா! வெளிய கெடக்குத கம்ப சன்னல் வழியாத் தள்ளுங்க. மெதுவா. சுவர்ல இடிச்சிராதீங்க!” என்று அவர் கத்தினார். சலேத்மேரி மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் கடலிலிருந்து திரும்பி வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்தார்கள். கம்பு ஒன்று உள்ளே வந்தது. அவர் தோளை எடுக்காமலே, ஒரு கையால் அதைப் பிடித்து, காலால் அடியை நகர்த்தி நிறுத்தினார். பிறகு இன்னொன்று. நான் அடித்துத் தெறிக்கவிட்ட ஆப்பைக் குனிந்து எடுக்கச் சொன்னார். குனிந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நீளமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

ஆப்பை அடித்து இறுக்கிவிட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்ததும் அவர் வாந்தி எடுத்தார். பிரகாசி தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது அவருக்கு.

“கதவுல எழுதிப் போட்டிருந்தேன்ல்லா, பாக்கலியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா போனீங்க?”

“எனக்குப் படிக்கத் தெரியாது கொத்தனாரே.”

அவர் கோபம் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த செங்கல் பொடியைப் பார்த்தார். உள்ளே நின்றபோது வராத வெளுப்பு அப்போது அவர் முகத்தில் வந்தது.

“எத்தன வீட்டுல எழுதிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கேன் அண்ணாச்சி” என்றார்.

அன்று சாயங்காலம் முட்டுகளைச் சரியாகக் கொடுத்து, வெளியே நின்றுகொண்டு, கடப்பாரையால் லிண்டலைத் தொட்டார். தொடத்தான் செய்தார். மொத்தமாக விழுந்தது. உள்ளே நான் இழுத்துப் போட்டிருந்த நாற்காலி இருந்த இடம் தெரியவில்லை. பிரகாசி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பல நாள் அவள் எந்தச் சுவர்ப் பக்கமும் சாய்ந்து உட்காரவில்லை.

புது லிண்டலுக்கு ஆற்று மணல் வந்தது. அதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலந்தார். பூச்சு முடிந்ததும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். “சுவர்கிட்ட பயப்படாதவன் கையில கரண்டியக் குடுக்கக் கூடாது. பயந்தவனுக்குத்தான் சத்தம் கேக்கும்” என்று பூசிக்கொண்டே சொன்னார். நான் பஞ்சை நனைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அன்றுதான் முதல் தடவையாக அவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

கதவில் இருந்த எழுத்தை நான் அழிக்கவில்லை. கோயில் பக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவன், பழக்கத்தில் அந்தக் கதவைக் கூட்டினேன். ‘உள்ளே போகாதீங்க. மேலே விழும்.’ அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் செய்தி அது. குழந்தையைப் போலக் கை தட்டினேன். பிறகு கதவடியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை எளிமையான சொற்கள். இவற்றைத் தள்ளிக்கொண்டா உள்ளே போனேன்? அன்று கம்பைப் பிடித்து நின்றபோது வந்த பயம் உடம்பில் வந்தது. படித்தபோது வந்த பயம் அதைவிட ஆழத்தில் இருந்தது.

உடனே அவருக்குப் போன் அடித்தேன். “கொத்தனாரே, கதவப் படிச்சிட்டேன்” என்றேன்.

“இப்பமாவது வெளிய வாங்க அண்ணாச்சி” என்றார்.

என் வீட்டு வேலைக்குப் பிறகு அவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஆபத்தான சுவர் என்றால் எழுதிப் போடுவார், வாசலில் சிவப்புத் துணி கட்டுவார், அதோடு ஓர் ஆளையும் உட்கார வைப்பார். சித்தாள் வராத அன்று தாமே உட்கார்ந்துகொண்டு, கம்புக்கு வேறு யாரையாவது அனுப்புவார். வேலை நின்று போகிறதே என்று வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டால், “எழுதிப் போட்டா போதாது. ஆள் இருக்கணும்” என்பார். மழை தொடங்கிய அன்று தவறாமல் எனக்குப் போன் வரும்.

“தட்டிப் பாத்தீங்களா அண்ணாச்சி?”

“பாத்தேன். நல்லாத்தான் கேக்குது.”

“நல்லா கேக்குதா, நல்லா கேக்கணும்னு நெனச்சுக் கேக்குதீங்களா? இன்னொரு மட்டம் தட்டுங்க.”

இந்த ஆண்டு மழைக்கு அந்தப் போன் வராது. துஷ்டி வீட்டிலிருந்து திரும்பியதும் நான் சட்டையைக்கூட மாற்றாமல் சலேத்மேரியின் வீட்டுக்குப் போனேன். அவள் வீடும் என் வீடு கட்டிய காலத்தில், அதே வாசல் மண்ணில் கட்டியது. கரண்டி இல்லை, கொட்டாப்புளியைத் திருப்பி, அதன் பிடியால் தட்டினேன். ஓரத்தில் கெட்டி. நடுவில் காலிப் பானை. என் கை சில்லிட்டது. அன்று என் தோளைப் பிடித்த அவர் கையும் இப்படித்தான் இருந்தது.

சலேத்மேரியை வெளியே வரச் சொல்லி, பாயையும் பாத்திரத்தையும் என் வீட்டுக்கு மாற்றினோம். பிரகாசிதான் தெருவைக் கூப்பிட்டு ஆள் சேர்த்தாள். இசக்கிமுத்துவோடு வேலை பார்த்த இன்னொரு கொத்தனார் நாளைக் காலையில் கம்புகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. செங்கல் துண்டை எடுத்து அவள் கதவில் எழுதினேன். நோட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து. வேறு சொற்கள் தோன்றவில்லை. அவருடைய சொற்களையே எழுதினேன். கோணலாக வந்தது. பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து வாசலில் போட்டேன்.

“அதான் எழுதிப் போட்டாச்சுல்லா. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுங்களேன்” என்றாள் சலேத்மேரி.

“ஏளா, ஒனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எனக்கு எங்கன படிப்பு?”

“அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்.”

இதை எழுதுவதும் அந்த வாசலில் இருந்துதான். இசக்கிமுத்துவின் கரண்டியும் மட்டப்பலகையும் அவர் வீட்டில் இருக்கின்றன. அவை அவர் பிள்ளைகளுக்கு உரியவை. எனக்கு அவருடைய பயம் கிடைத்தது. அதை யாரும் கேட்கப் போவதில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். கடல் பக்கம் கறுத்து வருகிறது. தெருவில் போகிறவர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போகிறார்கள். மற்றவர்களிடம் நான் எழுந்து நின்று சொல்கிறேன்.